சார், இருக்கீங்களா?

லிஃப்டில் மாட்டிக்கொள்கிறவர்களை எனக்கு நன்றாகத் தெரியும். இருபத்தாறு வருஷமாக அவர்களை வெளியே எடுப்பதுதான் என் பிழைப்பு. ஊரையே மிரட்டிக்கொண்டு திரிகிற ஆள், இரண்டு மாடிக்கு நடுவில் ஐந்து நிமிஷம் நின்றுவிட்டால் அம்மா, அப்பா என்று கூப்பிட ஆரம்பித்துவிடுவார். நான் கதவைத் திறந்ததும் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, "ஏம்ப்பா, வர்றதுக்கு இவ்வளவு நேரமா?" என்று என்மேல் எரிந்து விழுவார். கண்ணில் ஈரம் காய்ந்திருக்காது, அதற்குள் அதிகாரம் திரும்பிவிடும். நன்றி சொன்னவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஒரு கை போதும்.

ஆனால் நான் சொல்ல வந்தது என் கதை இல்லை. எங்கள் கம்பெனியின் அவசர அழைப்பு அறையில் பத்தொன்பது வருஷம் உட்கார்ந்திருந்த பொறுங்கக்காவின் கதை. லிஃப்டுக்குள்ளிருந்து யார் பட்டனை அழுத்தினாலும் அவர் சொல்கிற முதல் வார்த்தை "பொறுங்க" என்பதுதான். அதனால் மேனேஜரிலிருந்து வாட்ச்மேன் வரை அவர் எல்லோருக்கும் பொறுங்கக்கா. என்னைவிட மூன்று வயது மூத்தவர். எனக்குத் தலை வழுக்கையாகிப் பேரனும் பிறந்த பிறகும் என்னைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார்.

அந்த அறையை அறை என்று சொல்வதே கம்பெனிக்குச் செய்கிற மரியாதை. உதிரிச் சாமான் கிடங்கை ஒட்டின சந்து அது. ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். ஒரு மேஜை, ஒரு நாற்காலி, நாற்காலியில் அக்கா தானே தைத்துப் போட்ட பூப்போட்ட மெத்தை. மேஜைமேல் ஒரு பழைய பெட்டி. அதில் வரிசையாகச் சின்னச் சின்ன விளக்குகள். ஒரு விளக்கு எரிந்தால் எங்கேயோ ஒருவர் மாட்டிக்கொண்டார் என்று அர்த்தம். அந்தப் பெட்டிக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. இருபது நொடி நாற்காலிப் பக்கம் சத்தமில்லை என்றால், பேச்சு முடிந்தது என்று தானாக முடிவுசெய்து இணைப்பைத் துண்டித்துவிடும். புதுப் பெட்டி கேட்டு நாலு தடவை எழுதிக் கொடுத்தோம். நாலு கடிதமும் மேனேஜரின் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் பத்திரமாக இருந்தன.

ஆகவே மெக்கானிக் போய்ச் சேரும்வரை அந்த நாற்காலியில் இருப்பவர் எதையாவது பேசிக்கொண்டே இருக்கவேண்டும். மூன்று ஷிஃப்டுக்கு மூன்று பேர். ஒருவர் சுவரில் ஒட்டியிருக்கும் பாதுகாப்பு விதிகளை ஒன்றிலிருந்து பதினேழு வரை வாசிப்பார், முடிந்ததும் மறுபடி ஒன்றிலிருந்து. இன்னொரு மகானுபாவர் செய்தித்தாள் வாசிப்பார். முதல் பக்கம் முடிந்து, விளையாட்டு முடிந்து, இரங்கல் அறிவிப்புகளுக்கு வந்துவிடுவார். இருட்டில் தொங்கிக்கொண்டிருக்கிறவனுக்கு இன்று செத்தவர்கள் பட்டியலை வாசித்துக் காட்டிய புண்ணியவான் உலகத்திலேயே அவர் ஒருத்தராகத்தான் இருப்பார்.

பொறுங்கக்கா வாசிக்கமாட்டார். கேட்பார். சாப்பிட்டாச்சா, எத்தனை பிள்ளைங்க, முட்டி வலிக்குதா, நிக்கிறீங்களா உட்கார்ந்திருக்கீங்களா. நான் வண்டியில் போய்க்கொண்டிருக்கும்போதே என் போனுக்குச் செய்தி வந்துவிடும். "தம்பி, அவருக்குச் சர்க்கரை இருக்கு. ஏதாவது மிட்டாய் வாங்கிட்டுப் போ." "தம்பி, அந்தப் பொண்ணு மாசமா இருக்கு. குதிக்கச் சொல்லாத, ஏணி போடு." கதவைத் திறக்கிறது நான்தான். ஆனால் பாதி ஆளை அவர் அதற்கு முன்பே வெளியே எடுத்திருப்பார்.

வீட்டில் அவருக்குப் பேச ஆளில்லை. ஆள் இருந்தது, பேச்சு இல்லை. கணவர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவராக இருந்து ஓய்வு பெற்றவர். வாழ்நாள் முழுக்க அடுத்தவர் எழுத்தில் குற்றம் பார்த்த மனுஷனுக்கு மனைவி வாயைத் திறந்தாலே குற்றம்தான் தெரிந்தது. ஒரு வாக்கியம் முடிவதற்குள் இரண்டு தடவை நிறுத்தித் திருத்துவாராம். அக்கா பேசுவதையே விட்டுவிட்டார். மகள் கல்யாணமாகித் தூரத்தில்; ஞாயிற்றுக்கிழமை மூன்று நிமிஷம் போனில் பேசுவாள். "இந்த நாற்காலிதான் தம்பி எனக்கு வாய். இது போச்சுன்னா நான் ஊமைதான்" என்று ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னார். நான் அதைச் சிரிப்பாகவே எடுத்துக்கொண்டேன். எனக்கு அவ்வளவுதான் மூளை.

இனி பாட்டுக்கு வருகிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குக் கிறிஸ்துமஸ் பாட்டு என்றாலே ஆகாது. எங்கள் பட்டறைக்கு அடுத்த சுவர் ஆலயம். நவம்பர் பிறந்தால் பாடகர் குழு ஒத்திகை தொடங்கிவிடும். அதில் ஒரு பாட்டு. குழந்தை தூங்குகிறது, சத்தம் போடாதீர்கள் என்று தொழுவத்து மாடுகளையும் ஆடுகளையும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிற பாட்டு. அதை நாற்பது பேர், டிரம்ஸ், கீபோர்டு, எக்கோ சகிதம் அலறுவார்கள். அந்தச் சத்தத்தில் பிறந்த குழந்தை என்ன, செத்த கிழவனே எழுந்து உட்கார்ந்துவிடுவான். குழுவை நடத்துகிறவரை நாங்கள் குச்சி மாஸ்டர் என்போம். கையில் குச்சி இல்லாமல் அவரால் நல்லா இருக்கீங்களா என்றுகூடக் கேட்கமுடியாது.

பொறுங்கக்கா அந்தக் குழுவில்தான் இருந்தார். இரண்டாம் வரிசையில் தொடங்கி மூன்றாம் வரிசைக்குப் போய், அப்புறம் தூணுக்குப் பின்னால் போனார். அந்தப் பாட்டில் ஒரு வரி திடீரென்று மேலே ஏறும். அக்காவின் குரல் அங்கே ஏறாது. படியில் கால் வழுக்கின மாதிரி கீழே இறங்கிவிடும். கடைசியில் குச்சி மாஸ்டர் ஒரு தீர்வு கண்டுபிடித்தார். "நீங்க வாயை மட்டும் அசைங்கம்மா, போதும்." ஆறு கிறிஸ்துமஸ் அக்கா வாயை மட்டும் அசைத்தார். வீட்டிலும் அதேதான், ஆலயத்திலும் அதேதான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், கிறிஸ்துமஸுக்கு ஐந்து நாள் இருக்கும்போது, மத்தியானம் மூன்று மணிக்கு ஒரு விளக்கு எரிந்தது. ஆறு மாடிக் கட்டடம், கீழே டைல்ஸ் கடை. மாட்டிக்கொண்டவர் அதன் முதலாளி, பெரிய மீசைக்காரர். அவர் நடந்து வந்தால் கடைப் பையன்கள் சுவரோடு ஒட்டிக்கொள்வார்கள். நான் அப்போது ஊரின் இன்னொரு கோடியில் வேறொரு லிஃப்டுக்கு அடியில் கிடந்தேன். போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆயிற்று.

அந்த முக்கால் மணி நேரமும் மீசைக்காரர் அழுதார். சும்மா இல்லை, விக்கி விக்கி. அக்கா கேட்கக்கூடியதையெல்லாம் கேட்டார். அவர் எதற்கும் பதில் சொல்லவில்லை. "போயிடாதீங்க, போயிடாதீங்க" என்பது மட்டும்தான். அக்காவிடம் கேள்வி தீர்ந்துவிட்டது. பெட்டியோ இருபது நொடிக்கு மேல் பொறுக்காது. வாயில் இருந்தது அந்தப் பாட்டுதான். பாடிவிட்டார்.

நான் மேலே மெஷின் ரூமுக்கு ஏறி, மெயின் ஸ்விட்சை அணைத்து, பிரேக்கைத் தளர்த்தி, சக்கரத்தைக் கையால் சுற்றி லிஃப்டை நாலாவது மாடிக்கு நேராகக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு இறங்கி வந்தேன். முக்கோணச் சாவியைக் கதவுத் துளையில் நுழைத்தேன். உள்ளே ஸ்பீக்கரில் பாட்டு கேட்டது. பக்கத்துக் கிடங்குக்காரன் திட்டுவான் என்பதால் அடிக்குரலில்தான் பாடினார். இரண்டாவது வரியில் நாற்காலி கிறீச்சென்றது. மூச்சு போதாமல் வார்த்தைக்கு நடுவில் மூச்சு வாங்கினார். இடையில் நிறுத்தி, "சார், இருக்கீங்களா?" என்றார். உள்ளேயிருந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "இருக்கேம்மா" என்று குரல். "நல்லது சார். இன்னும் ஒண்ணு பாடறேன்." மறுபடி பாட்டு. அந்த மேலே போகிற வரி வந்தது. வழக்கம்போல் ஏறவில்லை, இறங்கினார்.

எனக்கு என்ன ஆயிற்றோ தெரியவில்லை. சாவி துளையில் இருக்கிறது, திருப்பினால் கதவு திறக்கும். நான் திருப்பவில்லை. அந்தச் சரணம் முடியும்வரை அப்படியே நின்றேன். இருபத்தாறு வருஷத்தில் ஒரு ஆளை நான் வேண்டுமென்றே உள்ளே வைத்திருந்தது அந்த ஒரு நிமிஷம்தான். தினமும் சுவர் வழியாகக் கேட்டுக் காது புளித்த பாட்டு. அன்றைக்குத்தான் அதில் ஒரு குழந்தை இருப்பதே எனக்குத் தெரிந்தது. இதை யாரிடமும் நான் சொல்லவில்லை.

மீசைக்காரர் வெளியே வந்தார், சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார், "இவ்வளவு நேரமா?" என்றார். ஆனால் மறுநாள் மேனேஜருக்குப் போன் போட்டுப் பாராட்டினார். எங்கள் அழைப்புகளெல்லாம் பதிவாகும். மேனேஜர் அந்தப் பதிவைத் தேடி எடுத்துக் கேட்டார். கேட்டு அழுதார். மூன்று வருஷமாக அந்தச் சந்துக்கு ஒரு ஃபேன் கேட்டபோது வராத கண்ணீர், அன்றைக்குக் கைக்குட்டை நனைய வந்தது. விளம்பரப் பிரிவு அம்மா அதை வெட்டி ஒட்டி எல்லோருடைய போனுக்கும் அனுப்பினார். "உண்மையான உணர்வு! இதைக் காசு கொடுத்து வாங்க முடியாது!" என்றார். வாங்கவும் இல்லை.

ஒரே வாரத்தில் அந்தப் பாட்டு எங்கே போனாலும் கேட்டது. கேட்டவர்கள் எல்லோரும் உருகினார்கள். உருகுவது இப்போது ஒரு பொழுதுபோக்கு. பஸ்ஸில் நிற்க இடம் கேட்ட கிழவரைத் தள்ளிவிட்டு, காதில் இதை மாட்டிக்கொண்டு உருகினவனை நானே பார்த்தேன். குச்சி மாஸ்டர், "எங்க குழுவுல நான் வளர்த்த குரல்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். அதோடு விட்டாரா? அடுத்த ஞாயிறு நாற்பது பேருக்கும் அந்த வரியில் ஏறாமல் இறங்கச் சொல்லிக் கொடுத்தார். குச்சியை இறக்கினால் நாற்பது பேரும் ஒரே நேரத்தில் குரல் உடைவார்கள். அக்கா தூணுக்குப் பின்னால் நின்று வாயை அசைத்துக்கொண்டிருந்தார்.

ஜனவரியில் மேனேஜருக்கு யோசனை வந்தது. அவருக்கு யோசனை வரும்போதெல்லாம் யாருக்காவது வேலை போகும். எல்லா லிஃப்டிலும் இந்தப் பதிவையே வைத்துவிட்டால் என்ன? பட்டனை அழுத்தினால் பாட்டு, மெக்கானிக் வரும்வரை பாட்டு. மெக்கானிக்கின் போனுக்குத் தானாகச் செய்தி போய்விடும். முதலில் என் பொறுப்பில் இருந்த நாற்பத்திரண்டு லிஃப்டில் சோதனை.

அதற்குள் மீசைக்காரர் ஓடி வந்தார். போனில் சுற்றியதோடு போகட்டும், லிஃப்டிலெல்லாம் ஒலித்தால் அழுதது தான்தான் என்று ஊருக்குத் தெரிந்துவிடுமே! பதிவிலிருந்து அவர் குரலை மட்டும் எடுத்தார்கள். ஆனால் அக்கா கேட்கிற கேள்வியை எடுக்கவில்லை. அந்த இடத்தில்தான் எல்லோரும் உருகுகிறார்களாம். ஆகவே பாட்டு நிற்கும். "சார், இருக்கீங்களா?" ஏழு நொடி மௌனம். "நல்லது சார். இன்னும் ஒண்ணு பாடறேன்." மூன்று தடவை இப்படி. பள்ளிக்கூடம் போகிற பெண்ணாக இருந்தாலும் சார்தான்.

அந்த ஏழு நொடியில் மாட்டிக்கொண்டவர்கள் எல்லோரும் பதில் சொன்னார்கள். உயிருள்ள மனுஷி கேட்கிறார் என்றே நம்பினார்கள். வெளியே வந்ததும், "அந்தம்மாவுக்கு நான் தேங்க்ஸ் சொன்னேன்னு சொல்லிடுங்க" என்பார்கள். நானும் சொல்வேன். பொறுங்கக்காவுக்கு முகமெல்லாம் பூரிக்கும்.

சோதனைக்கு ஒரு படிவம் கொடுத்தார்கள். அதில் ஒரே ஒரு கேள்வி: கதவைத் திறந்தபோது பயணி அமைதியாக இருந்தாரா? ஆம், இல்லை. ஏதாவது ஒன்றில் டிக் போடவேண்டும். அக்காவின் பாட்டுக்கு மார்க் போடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். நிறைய ஆம் வந்தால் அக்காவுக்குப் பதவி உயர்வு வரும், குறைந்தபட்சம் ஒரு ஃபேனாவது வரும். பதினொரு படிவம். பதினொன்றிலும் ஆம் போட்டேன். ஒருத்தன் கதவை உதைத்து என் பரம்பரையையே திட்டிக்கொண்டு வெளியே வந்தான், அதற்கும் ஆம். ஒருத்தர் நன்றாகக் குடித்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார், அதற்கும் ஆம். ஒரு டிக் கூடக் கோணலாக விழாமல் பார்த்துப் பார்த்துப் போட்டேன்.

மார்ச் மாதம் கூட்டம் போட்டு அக்காவுக்குப் பூங்கொத்தும் கண்ணாடிக் கேடயமும் கொடுத்தார்கள். கேடயத்தில் லிஃப்ட் படம். கதவு தப்பான பக்கத்தில் இருந்தது. கூடவே ஒரு உறை. அழைப்பு அறை மூடப்படுகிறது, உங்கள் சேவைக்கு நன்றி. ஆதாரமாகக் கடிதத்தில் ஒரு வரி: சோதனையில் நூற்றுக்கு நூறு பயணிகள் அமைதியாக இருந்தனர்.

நான் அந்த வரியை மூன்று தடவை படித்தேன். அக்கா என் முகத்தைப் பார்க்காமல் மெத்தையைச் சுருட்டிப் பைக்குள் வைத்தார். "பரவாயில்ல தம்பி" என்றார். பத்தொன்பது வருஷம் பேசின மனுஷி அன்றைக்குப் பேசியது அவ்வளவுதான்.

நான் மேனேஜரிடம் போய்ச் சண்டை போட்டிருக்கவேண்டும். போடவில்லை. எனக்கு இன்னும் நாலு வருஷம் வேலை பாக்கி இருந்தது. அடுத்தவர் கோழைத்தனத்தைப் பார்த்துச் சிரிக்கிற எனக்கு என்னுடையது அன்றைக்குச் சிரிப்பாக வரவில்லை. அக்கா வீட்டுத் தெரு வழியாகப் போவதையே நிறுத்தினேன். பாட்டு மட்டும் எல்லா லிஃப்டிலும் ஓடிக்கொண்டிருந்தது. ஏப்ரலில் கிறிஸ்துமஸ், மே மாத வெயிலில் கிறிஸ்துமஸ்.

ஜூலையில் ஒருநாள் காலை ஒன்பது மணிக்கு என் போனுக்குச் செய்தி வந்தது. பெண்கள் விடுதி, சாமான் ஏற்றும் லிஃப்ட், மூன்றாவது மாடி. மெஷின் ரூம் வேலையை முடித்துவிட்டு இறங்கி வந்து சாவியை நுழைத்தேன். துளை துருப்பிடித்திருந்தது, சாவி திரும்பவில்லை. உள்ளே பாட்டு. பாட்டு நின்றது.

"சார், இருக்கீங்களா?"

"இருக்கேன்... கை மரத்துப்போகுதுங்க. நெஞ்சை அடைக்குது."

"நல்லது சார். இன்னும் ஒண்ணு பாடறேன்."

நான் சாவியை விட்டுவிட்டு எண்ணெய் டப்பாவைத் தேடினேன். கை வழுக்கியது. கத்தினேன். பாட்டுச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை போலிருக்கிறது. மறுபடி நின்றது. மறுபடி கேள்வி.

"என் பொண்ணு நம்பர் சொல்றேன். எழுதிக்கிறீங்களா? அவ வெளியூர்ல இருக்கா..." பெண்குரல் எண்களைச் சொல்ல ஆரம்பித்தது. மெதுவாக, ஒவ்வொன்றாக. நாலாவது எண்ணுக்குள் ஏழு நொடி முடிந்துவிட்டது.

"நல்லது சார். இன்னும் ஒண்ணு பாடறேன்."

கதவு திறந்தபோது விடுதியின் சமையல்காரம்மா வெங்காய மூட்டைமேல் சாய்ந்து கிடந்தார். நினைவில்லை. ஆம்புலன்ஸ் வந்து கொண்டுபோனது. உயிர் இருந்தது. அவர் வேலைக்குச் சேர்ந்து பன்னிரண்டு நாள்தான் ஆகியிருந்தது. மகள் எந்த ஊர், என்ன எண் என்று விடுதியில் யாருக்கும் தெரியவில்லை. அவருடைய போன் சமையலறையில் சார்ஜில் கிடந்தது, அதன் பூட்டைத் திறக்க யாருக்கும் தெரியவில்லை. அந்த எண்ணில் பாதியை என் காதால் கேட்டவன் நான். கை முழுக்க கிரீஸ், மனசு முழுக்க பயம், ஒரு எண்கூட நினைவில் நிற்கவில்லை.

மத்தியானம் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். மேஜைமேல் படிவம் தயாராக இருந்தது.

"இதையும் நிரப்பிடுப்பா."

"சார், அந்தம்மா மயக்கமா கிடந்தாங்க."

"அதான் கேக்கறேன். கதவைத் திறக்கும்போது சத்தம் போட்டாங்களா?"

"இல்ல."

"அழுதாங்களா?"

"மயக்கமா இருக்கறவங்க எப்படி சார் அழுவாங்க?"

"அப்ப அமைதியாத்தானே இருந்தாங்க? ஆம் போடு." அவர் முகத்தில் ஒரு சின்னக் கேலிகூட இல்லை. பிறகு தானே ஒரு தீர்வும் சொன்னார்: பாட்டுக்கு முன்னால் ஒரு வரி சேர்த்துவிடலாம், உடம்பு சரியில்லாதவர்கள் இன்னொரு பட்டனை அழுத்தவும். அந்த இன்னொரு பட்டன் எங்கே போகும் என்று கேட்டேன். "அதையும் ஒரு பதிவா வச்சுக்கலாம்" என்றார்.

நான் பேனாவை எடுத்து இல்லை என்பதில் டிக் போட்டேன். அதற்கடியில், இதற்கு முன் போட்ட பதினொன்றில் பாதி பொய் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மேனேஜர் கத்த ஆரம்பித்தார். அவர் கத்துவதை நான் முழுசாகக் கேட்கவில்லை, வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

பொறுங்கக்கா கதவைத் திறந்தார். நாலு மாதத்தில் இளைத்திருந்தார். உள்ளே கணவர் செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்தார்; அதை இறக்கக்கூட இல்லை. அந்தப் பூப்போட்ட மெத்தை சமையலறை முக்காலிமேல் கிடந்தது. நான் உட்காராமலே கொட்டினேன். படிவம், பதினொரு டிக், எல்லாம்.

"எனக்குத் தெரியும் தம்பி" என்றார் அக்கா. "அந்தப் படிவமெல்லாம் என் மேஜைக்குத்தானே வந்துச்சு? நான்தானே கட்டி மேனேஜருக்குக் கொடுத்தேன்? ஒவ்வொரு டிக்கையும் பார்த்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். நம்ம தம்பி நமக்காகப் போடுதுன்னு."

எனக்கு அங்கேயே அழுகை வந்தது. வந்ததைச் சொல்ல வெட்கமில்லை.

"நான் கூட ஒருநாள் அழுத்திப் பார்த்தேன்" என்றார். "ஆஸ்பத்திரிக்கு மருந்து வாங்கப் போனப்ப, லிஃப்டுல. நான் கேக்கறேன், சார் இருக்கீங்களான்னு. இருக்கேன்னு சொன்னேன். நல்லதுன்னுட்டு நான்பாட்டுக்குப் பாடிட்டுப் போறேன். எவ்வளவு திமிரு பாரு எனக்கு."

பிறகு சமையல்காரம்மாவின் கதையைச் சொன்னேன். சொல்லவேண்டாம் என்றுதான் வந்தேன், வாய் நிற்கவில்லை. கை மரத்துப்போகுது, நல்லது சார். பொண்ணு நம்பர், நல்லது சார். அக்கா எழுந்து செருப்பைத் தேடினார்.

"எங்க கிளம்பிட்டே?" என்றது செய்தித்தாள்.

"ஒருத்தங்க என்கிட்ட ஒரு விஷயம் சொல்லியிருக்காங்க. நான் காதுல வாங்கல. வாங்கிட்டு வரேன்." கணவர் ஏதோ திருத்த வாயைத் திறந்தார். அக்கா அதற்குள் தெருவில் இறங்கிவிட்டார்.

சமையல்காரம்மா சாயங்காலம்தான் கண் விழித்திருந்தார். பொது வார்டு, ஜன்னலோரக் கட்டில், கையில் ஊசிக் குழாய். எல்லாக் கட்டிலையும் சுற்றி ஆள் இருந்தது. அவரைச் சுற்றி மட்டும் யாரும் இல்லை. அக்கா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"பொறுங்க, எழுந்துக்காதீங்க" என்றார்.

அந்த ஒரு குரலில் சமையல்காரம்மாவின் தலை திரும்பியது. "நீங்களா? என்னைப் போய் சார்னு கூப்பிட்டீங்களே?" என்றார் மெதுவாக. சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "நல்லாப் பாடுனீங்கம்மா. இப்படி ஒரு பாட்டை நான் கேட்டதே இல்ல."

"பாட்டு கிடக்கட்டும்மா" என்றார் பொறுங்கக்கா. என் பக்கம் கையை நீட்டினார். சட்டைப் பையில் நிரப்பாத படிவம் ஒன்று மடங்கிக் கிடந்தது; அதையும் பேனாவையும் கொடுத்தேன். அவர் அதைத் திருப்பி, வெற்றுப் பக்கத்தை முட்டிமேல் வைத்துக்கொண்டார்.

"பொண்ணு நம்பரைச் சொல்லுங்க. நிதானமா சொல்லுங்க, நான் இங்கதான் இருக்கேன்."